பாட்டிலைப் பிடித்திருந்த கை

2008 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. எர்ணாவூரில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் பட்டறையில், பிற்பகல் 3.16 முதல் 5.52 வரை, இருபத்து நான்கு பாட்டில்களில் படம் அச்சிடப்பட்டது.

இந்த வாக்கியத்தில் பொய் இல்லை. இதற்குக் கீழே எழுதப்போவதிலும் இல்லை. நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. இயந்திரம் நிறுவப் போகிறவர்கள் ஒவ்வொரு ஓட்டத்தையும் தாளில் குறித்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதுவரை மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஒருவர் படித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனார்.

என் பெயர் குணசேகரன். அப்போது பாரிமுனையில், அச்சு இயந்திரங்களை இறக்குமதி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர்.

பட்டறை ரஷீது பாயுடையது. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். சத்தமாகப் பேசாதவர். எண்ணெய், ஷாம்பு கம்பெனிகளுக்கு பாட்டில் ஊதி, அதில் படமும் போட்டுக் கொடுத்துவந்தார். படம் போடும் பிரிவில் பதினோரு பெண்கள். ரப்பர் குமிழ் ஒன்று தகட்டிலிருந்து மையை ஒற்றி எடுத்து பாட்டிலின் மேல் வைக்கும். இடது கையால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் நெம்புகோலை இறக்க வேண்டும். அதற்கு முன்னால் பாட்டிலை மேசைமேல் இரண்டு தட்டு தட்டித் தூசியை உதறுவார்கள். டொக்... டொக். பதினோரு பேரும் தட்டுவார்கள். வெளியே நின்றால் தகரக் கூரையில் மழை பிடிப்பது போல் கேட்கும்.

அவர்களில் தேர்ந்த கை செங்கொடி. முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்று பெயரே சொல்லிவிடும். விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பில் வீடு. அடுத்த வீடு ரமாபாய். ஒன்பது வருடமாக இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

அந்த வருடம் மும்பையிலிருந்து ஒரு தலைமுடி எண்ணெய் கம்பெனி புது பாட்டில் கேட்டது. மாங்காய் வடிவம். நடுவில் ஒடுங்கி, ஒரு தோள் சரிந்து, பக்கத்துக்கு ஒரு வளைவு. அதைச் சுற்றி ஐந்து நிறத்தில் இலைக்கொடி ஓட வேண்டும். காகித லேபிள் ஒட்டினால் சுருங்கியது. ரப்பர் குமிழ் சரிவில் வழுக்கியது. கையால் ஆகாது என்று செங்கொடியே சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் எங்கள் இயந்திரம் வந்தது. ஆறு மூட்டுள்ள இரும்புக் கை. கண்ணாடி அறைக்குள் நிற்கும். அதன் நுனியில் மை தெளிக்கும் தலை. முதலில் ஒரு சிவப்பு ஒளிக்கோட்டைப் பொருளின் மேல் ஓட்டி அதன் வடிவத்தை அளக்கும். பதினைந்து விநாடி. ஏற்கெனவே பதிந்து வைத்த வடிவத்தோடு அது பொருந்தினால் நான்கு விநாடி காத்திருந்துவிட்டு அச்சடிக்கும். பொருந்தாவிட்டால் ஒரு சொட்டு மைகூட விழாது. ஊதா விளக்கு பட்டதும் மை இறுகிவிடும். அதன்பிறகு சோப்பு, மண்ணெண்ணெய் எதற்கும் போகாது.

இயந்திரம் சோதனைக்கு மட்டும்தான் வந்திருந்தது. இருபத்து நான்கு மாதிரி பாட்டில்கள் செவ்வாய்க்கிழமை மும்பையில் இருக்க வேண்டும். பிடித்துவிட்டால் இரண்டு வருட ஆர்டர். பிடிக்காவிட்டால் பொங்கலோடு பட்டறையை மூட வேண்டியதுதான் என்று ரஷீது பாய் என்னிடம் சொன்னார்.

பெண்களுக்கும் இது தெரிந்திருந்தது. இயந்திரம் தோற்றால் பட்டறை போகும். ஜெயித்தால் பதினோரு பேரின் வேலை போகும். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் செங்கொடி நேராக பாய் முன்னால் வந்து நின்றார்.

"மெசினுக்கும் ஒரு ஆளு வோணுமில்ல பாய்? அந்த ஆளு நானு. தொணைக்கு ரமாபாய். இத மட்டும் சொல்லு."

 இரண்டு பேருக்கு மட்டும் வாக்குக் கொடுக்க முடியும், அதுவும் மாதிரி தேறினால்தான் என்றார் பாய். செங்கொடி தலையாட்டிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பினார். மற்ற ஒன்பது பேர் அன்று அவரோடு பேசவில்லை.

தவறு நடந்தது வியாழக்கிழமை. தவறு என்னுடையது.

பாட்டிலைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி துறைமுகத்தில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வடிவத்தைப் பதிய வேண்டியவர் இயந்திரத்தோடு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர். அதற்கான சாவி அவரிடம் மட்டும்தான். வெள்ளி இரவு அவருக்கு விமானம். வேறு வழியில்லாமல் மரக்கட்டை ஒன்றின் மேல் பாட்டிலை வைத்து, ஆடாமல் பிடிக்க செங்கொடியைக் கூப்பிட்டோம். கண்ணாடிக் கதவு திறந்திருந்தால் இயந்திரம் ஓடாது. கதவுச் சட்டத்தில் ஒரு காந்தத் துண்டை ஒட்டி அதை ஏமாற்றினோம்.

இடது கையை உள்ளே நீட்டிப் பாட்டிலைப் பிடித்தார். பின்பக்கமிருந்து. கட்டைவிரல் ஒரு பக்கம், நான்கு விரல்கள் மறுபக்கம். சிவப்புக் கோடு அவர் விரல்களின் மேல் ஏறி இறங்கியது. இரண்டு முறை அளந்தோம். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 0.18 மில்லிமீட்டர். அசைந்துவிட்டீர்கள் என்றேன்.

"உசுரோட கீற கை சார். ஆடத்தான் செய்யும். கல்லு வோணும்னா கல்லத்தான் வெக்கணும்."

உண்மைதான். கல்லை வைத்தால் 0.00 வரும்.

பதிவதற்கு முன் அளவிலிருந்து கையை நீக்கிவிடும்படி வெளிநாட்டுக்காரர் என்னிடம் சொன்னார். மணி 5.58. அந்த மாதங்களில் மின்தட்டுப்பாட்டால் மாலை ஆறு முதல் பத்து வரை பட்டறைகள் இயந்திரம் ஓட்டக்கூடாது. நாளைக்கு நீக்கிக்கொள்ளலாம் என்று அப்படியே பதிந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பகுதிக்கு முழுநாள் மின்வெட்டு. அவர் சாவியோடு விமானம் ஏறினார்.

ஞாயிறு 1.40-க்குப் பட்டறைக்குப் போனேன். தூறல். கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரைலர்கள் வழக்கம்போல் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நாள்கணக்கில் நிற்கும். ஜனங்கள் இரண்டு வண்டிக்கு நடுவே புகுந்துதான் சாலையைக் கடப்பார்கள். நானும் அப்படித்தான் கடந்தேன்.

உள்ளே ரஷீது பாய். கேட்டில் வாட்ச்மேன் தவசிமுத்து. வேறு யாரும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் தாங்கி வந்து சேர்ந்திருந்தது. சுழலும் வட்டத் தட்டு. அதில் இருபத்து நான்கு பாட்டில்களையும் நிறுத்தினேன். 2.05-க்கு முதல் ஓட்டம். சிவப்புக் கோடு ஓடியது. திரையில் செய்தி: வடிவம் பொருந்தவில்லை. 2.08. பொருந்தவில்லை. 2.11. பொருந்தவில்லை.

2.15-க்குத்தான், அளவிலிருந்து கையை நீக்காமல் விட்டது ஞாபகத்துக்கு வந்தது. இயந்திரம் பாட்டிலைத் தேடவில்லை. ஒரு கை பிடித்திருக்கும் பாட்டிலைத் தேடுகிறது.

பாயிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரவு மும்பை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். "இப்ப இன்னா பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வழி இருந்தது. செங்கொடி வந்து ஒவ்வொரு பாட்டிலையும் பிடிக்க வேண்டும். அளவு பொருந்தியதும், அந்த நான்கு விநாடிக்குள் கையை எடுத்துவிட வேண்டும்.

2.20. நான்தான் போன் செய்தேன்.

"இன்னா சார், நாய்த்திக்கெயம கூட வுடமாட்டியா? கறி அடுப்புல கீது."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"அவ்ளோ பெரிய மெசினு, என் கை இல்லாம வேல செய்யாதாமா? இத பாய்கிட்ட நல்லா சொல்லு சார்." பிறகு குரல் இறங்கியது. "சாம்பிளு பாஸாச்சுன்னா என் பேர போட்ருவாரில்ல?"

போடுவார் என்றேன்.

"அர அவர்ல அங்க கீறேன்."

இயந்திரத்தை, நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே தேடும்படி விட்டுவைத்தேன். சூடு ஆறாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். சிவப்புக் கோடு ஓடும். பொருந்தவில்லை என்று வரும். மறுபடி ஓடும்.

2.50. அவர் வரவில்லை.

2.58-க்கு போன் செய்தேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

3.05. மறுபடியும். கடைசிவரை மணி அடித்து நின்றது.

மழை வலுத்தது. பட்டறைக்குள் இருட்டு ஏறியது. பாய் குழல்விளக்குகளைப் போட்டார். கேட்டுக்குப் போய் தவசிமுத்துவைக் கேட்டேன். "யாரும் வர்ல சார். நான் இந்த எடத்தவுட்டு நவுரவேல்ல" என்றார்.

திரும்பி வந்தபோது மணி 3.12.

டொக்... டொக்.

படம் போடும் பிரிவிலிருந்து வந்தது. மேசைமேல் பாட்டிலைத் தட்டும் சத்தம். செங்கொடி வேறு வழியாக வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. போய்ப் பார்த்தேன். கதவில் வெளிப்பக்கம் பூட்டு. சன்னல் வழியே காலி பெஞ்சுகள் தெரிந்தன. மேசைகளில் சாக்குத் துணி போர்த்தியிருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3.15. டொக்... டொக்.

இந்த முறை கண்ணாடி அறைக்குள்ளிருந்து.

ரஷீது பாய்க்கும் கேட்டது. தலையைத் தூக்கினார். தாங்கியில் பாட்டில் அசையாமல் நின்றது. சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

3.16. திரை பச்சையானது.

பொருந்தியது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. இரும்புக் கை இறங்கி அச்சடிக்க ஆரம்பித்தது.

திரையை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அளந்த வடிவத்தை அது வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டும். பாட்டில் இருந்தது. பாட்டிலைப் பிடித்தபடி ஒரு கையும் இருந்தது. பின்பக்கமிருந்து. கட்டைவிரல் ஒரு பக்கம். நான்கு விரல்கள் மறுபக்கம். மணிக்கட்டுக்கு மேல் எதுவும் இல்லை.

கண்ணாடி வழியே பார்த்தேன். பாட்டில் மட்டும்தான்.

பாட்டிலில் ஓர் இலைகூட விழுவதற்குள் சிவப்பு அவசர பட்டனை அடித்தேன். இயந்திரம் நின்றது.

வியாழக்கிழமைப் படம் திரையில் தங்கிவிட்டது என்றேன். பாயிடம் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பாட்டிலை எடுத்துவிட்டு வெறும் தாங்கியை அளந்தேன். திரையில் வெறும் தாங்கி. கை இல்லை. பழைய படம் தங்கவில்லை.

பாட்டிலைத் திரும்ப வைத்தேன்.

டொக்... டொக்.

என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. பாட்டில் அசையவில்லை. சத்தம் மட்டும்.

3.24. பொருந்தியது.

வித்தியாசம் 0.17 என்று காட்டியது. உயிருள்ள கைக்கு வரும் எண். தாளில் எழுதினேன். 

மறுபடி பட்டனை நோக்கிக் கை போனது. ரஷீது பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஓடட்டும், குணா."

அவர் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. கண் கடிகாரத்தில் இருந்தது. ஆறு மணிக்கு இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். ஒரு பாட்டிலுக்கு ஆறு நிமிடம். 

முதல் பாட்டில் முடிந்து தட்டு சுழன்றது. அதை எடுத்துப் பார்த்தோம். இலை, கொடி, ஐந்து நிறம். சரிவில் வழுக்காமல், வளைவில் சுருங்காமல், வரைந்தது போல் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் நான்கு இடங்களில் மை இல்லை. மறுபக்கத்தில் ஓர் இடத்தில் இல்லை. நீளமாக, நுனி உருண்டு...

கை எடுக்கப்படவில்லை. அச்சு ஓடியபோதும் அது பிடித்தபடியே இருந்திருக்கிறது.

இரண்டாவது பாட்டில். 0.15.

மூன்றாவது. 0.12.

நான்காவது. 0.09.

எண் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டொக்... டொக். நடுவில் செங்கொடியின் எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

ஆறாவது. 0.05.

மை வழியவில்லை. தரையில் ஒரு துளி இல்லை. விரல் இருந்திருக்க வேண்டிய இடங்களிலும் தலை மையைத் தெளித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த மை எங்கேயோ போனது.

4.14. ஒன்பதாவது பாட்டில்.

0.00.

அந்த எண்ணைப் பார்த்ததும் நான் செய்ததற்கு இன்றும் காரணம் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்தேன். காந்தம் இன்னும் ஒட்டியிருந்ததால் இயந்திரம் நிற்கவில்லை. தட்டு அடுத்த பாட்டிலுக்குச் சுழன்றது. சிவப்புக் கோடு இறங்கத் தொடங்கியது. என் வலது கையை உள்ளே விட்டு, அந்தக் கை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

எதுவும் இல்லை. வெறும் காற்று. குளிர்கூட இல்லை.

பாய் திரைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"கைய எடு."

நான் எடுக்கவில்லை.

"எடு, குணா. அது... பாட்டில வுட்ருச்சு. உன்னப் புடிச்சிக்கினு கீது."

எடுத்துவிட்டேன். திரையைப் பார்த்தேன். அந்த அளவு இன்னும் அழியாமல் இருந்தது. என் கை. மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல்கள். இழுக்கவில்லை. அழுத்தவில்லை. வைத்த மாதிரி இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரை, கொஞ்சம் தள்ளிக்கொள் என்று தொடுவது போல.

பொருந்தவில்லை, என்றது திரை.

ஒரு நிமிடம் கழித்து...

டொக்... டொக்.

பொருந்தியது. 0.00.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்யவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன்.

பதினொன்று. 0.00.

பன்னிரண்டு. 0.00.

விளக்கு அணையவில்லை. கதவு அடித்துக்கொள்ளவில்லை. யாரும் கத்தவில்லை.

இயந்திரம் ஓடியது.

நாங்கள் பார்த்தோம்.

5.52. இருபத்து நான்கு.

கடைசிப் பாட்டில் இறங்கியதும் தேடலை நிறுத்தினேன். ஆறு மணிக்கு பாய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். எல்லாவற்றிலும் அதே ஐந்து இடங்கள் வெறுமையாக இருந்தன. 

6.10-க்கு கேட்டில் ரமாபாய் நின்றார். புடவை முழுக்க நனைந்திருந்தது. தவசிமுத்து அவருக்குப் பின்னால் குடையை விரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

செங்கொடி 2.25-க்கே வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். அடுப்பில் இருந்த கறியைப் பார்த்துக்கொள்ளும்படி ரமாபாயிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விரைவுச்சாலையில் நின்றுகொண்டிருந்த இரண்டு டிரைலர்களுக்கு நடுவே புகுந்திருக்கிறார். அந்த நேரத்தில் வரிசை நகர்ந்திருக்கிறது. டிரைவருக்குத் தெரியவே இல்லை. மணி 2.40. அந்த இடத்திலேயே போய்விட்டார்.

3.16-க்கு அவர் உடல் ஆம்புலன்சில் இருந்தது. துணி போர்த்தி.

ரஷீது பாய் பெட்டியைக் கீழே வைத்தார். மும்பைக்குப் போகப்போவதில்லை என்றார். ரமாபாய் பெட்டியைப் பார்த்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

"அதான் சாம்பிளா?"

பாய் தலையாட்டினார்.

"அப்ப போய்ட்டு வா பாய். அவ இதுக்குத்தான வந்தா. நீ போவலன்னா அவ சும்மா செத்த மாதிரி ஆய்டும்."

பாய் போனார்.

திங்கட்கிழமை காலை அரசு மருத்துவமனையின் சவக்கிடங்குக்கு நானும் ரமாபாயும் போனோம். ஏட்டு ஒருவர் அடையாளக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இடது கையில் பச்சை குத்தியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் ரமாபாய். இருக்கிறதே என்று ஏட்டு துணியை விலக்கிக் காட்டினார்.

உடம்பில் அடிபடாமல் இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

கட்டைவிரலின் மேலும் நான்கு விரல்களின் மேலும் இலைக்கொடி ஓடியது. ஐந்து நிறம். பாட்டிலில் எந்த இடத்தில் கொடி அறுந்து நின்றதோ, அங்கிருந்து விரல்மேல் தொடர்ந்தது. உள்ளங்கையில் எதுவும் இல்லை.

ரமாபாய் முந்தானையை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"நேத்து கறி கழுவசொல்லோ இது இல்ல சார். நான் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன். இன்னா சார் இது?"

 நான் தொட்டுப் பார்த்தேன். ஒருமுறை அச்சடித்த மை விரலுக்குத் தட்டுப்படாது. இது தடித்திருந்தது. கை குளிர்ந்து, கல் போல் இருந்தது. மையின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். அடுக்கு அடுக்காக இருந்தது. அரை மில்லிமீட்டர் இருக்கும். எங்கள் இயந்திரத்தின் மை ஒரு அடுக்குக்கு எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டேன்.

இருபத்து நான்கு.

ஏட்டு தன் தாளில், இடது கை விரல்களில் பல நிறத்தில் இலைக்கொடி பச்சை, என்று எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மும்பையில் மாதிரி தேறியது. அந்த ஐந்து வெற்றிடங்கள்தான் கம்பெனிக்காரர்களுக்கு மிகவும் பிடித்திருந்தனவாம். பிடித்தால் விரல் போய் அதில் உட்காருகிறது, இதையே போடுங்கள் என்றார்கள். டிசம்பரில் வெளிநாட்டுக்காரர் வந்து வடிவத்தைப் புதிதாகப் பதிந்தார். பழையதை அழிப்பதற்கு முன்னால், வெறும் பாட்டிலை வைத்து ஏழு முறை ஓட்டிப் பார்த்தார். ஏழு முறையும் பொருந்தவில்லை என்று வந்தது.

அந்தப் பாட்டில் 2010 கடைசி வரை கடைகளில் இருந்தது. வலது உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இடது கையில்தான் பாட்டிலைப் பிடிப்பார்கள். வெற்றிடங்களும் இடது கைக்குத்தான்.

இயந்திரத்துக்கு ரமாபாயை வைத்தார்கள். துணைக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. மற்ற ஒன்பது பேருக்கும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது.